கிரிஃப்ட்லேண்ட்ஸ் வகைச் சீட்டு விளையாட்டுகளில் வெல்வது அதிர்ஷ்டமா, திறமையா?

கிரிஃப்ட்லேண்ட்ஸ் என்ற கணினிச் சீட்டு விளையாட்டைச் சிலர் ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்றும் சிலர் ‘முழுக்கத் திறமை’ என்றும் சொல்கிறார்களே, எதை நம்பி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முதல் கூட்டத்தார் கிடைக்கும் சீட்டையெல்லாம் டெக்கில், அதாவது தங்கள் சீட்டுக்கட்டில், சேர்ப்பவர்கள். இரண்டாம் கூட்டத்தார் வேண்டாததைக் கழிக்கப் பழகியவர்கள்.

இதே வகையில் புகழ்பெற்ற ஸ்லே த ஸ்பையரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் வீரனுக்குத் தொடக்கத்தில் 10 சீட்டுகள், அவற்றில் ‘பேஷ்’ (Bash) என்ற தாக்குதல் சீட்டு ஒன்றே ஒன்று. சுற்றுக்கு 5 சீட்டு கைக்கு வருவதால், முதல் கையிலேயே அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆசைப்பட்டு டெக்கை 30 ஆக்கினால் அதே வாய்ப்பு ஆறில் ஒன்றாகிவிடும். ஈரோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ரம்மி ஆடும் பெரியவர்கள் சேராத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பதில்லை. இங்கும் கணக்கு அதுதான்.

க்ளெய் நிறுவனம் 2021இல் முழுமையாக வெளியிட்ட கிரிஃப்ட்லேண்ட்ஸில் சண்டைக்கு ஒரு டெக், பேச்சுவார்த்தைக்கு இன்னொரு டெக். எதிராளியை அடிக்காமல் பேசியே மடக்கலாம் என்பதுதான் பலரும் மெச்சுவது, நானும் அதற்காகவே ஆடினேன். ஆனால் நாம் ஆடும் பாத்திரங்களான ஸால், ரூக், ஸ்மித் மூவரின் கதையும் மறுமுறை ஆடும்போது பழகிப்போகிறது என்ற குறை நியாயமானது. உரையாடலை வாசிக்கப் பொறுமையில்லாதவர் ஸ்லே த ஸ்பையரிலிருந்தே தொடங்கலாம்.