மெலிந்த குஞ்சும் நீண்ட ஆயுளும் – கடிதம், பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கடற்பறவைகள் குறித்துத் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், 'கூட்டில் மெலிந்த குஞ்சுக்கு ஆயுளும் மெலிந்ததே' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தது முதல் மனம் ஒப்பவில்லை. என் அப்பத்தாவின் தகப்பனார் ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். 1942-ல் யுத்தத்துக்குப் பயந்து குடும்பத்தோடு கால்நடையாகப் புறப்பட்டபோது அப்பத்தாவுக்கு ஏழு வயது. ஊர் வந்து சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக இருந்ததாக அவரே சொல்வார். ஆனால் 89 வயது வரை வளவில் உட்கார்ந்து தன் கையால் வற்றல் பிழிந்தவர் அவர். பட்டினி கிடந்து வளர்ந்த உடம்பு உரமேறிப்போகும் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். பறவைக்கு மட்டும் வேறு நியாயமா?

தை மாதம் தொண்டிக் கடற்கரையில் எடுத்த படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். ஆலா என்னும் கடற்பறவை ஒன்றின் காலில் வளையம் போல ஏதோ தெரிகிறது. இதை யாரிடம் சொல்ல வேண்டும்?

க., தேவகோட்டை

அன்புள்ள க.,

நீங்கள் எடுத்துக்காட்டிய வரி தவறானது. ஓசைக்கு ஆசைப்பட்டு எழுதிவிட்டேன். அந்த ஒரே வரியில் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். மெலிந்த குஞ்சு வளர்ந்த பறவையாகும் வரை தப்பிப் பிழைக்குமா என்பது ஒன்று. அப்படித் தப்பியது, அதன் பிறகு ஆண்டுதோறும் மற்ற பறவைகளைவிட அதிகமாகச் சாகுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கடற்பறவைகளில் தெளிவான விடை உண்டு. இரண்டாவதற்குக் கிடைக்கும் விடை என் வரி சொன்னதுபோல் இல்லை.

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். வேல்ஸ் நாட்டுத் தீவுகளில் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற பறவை மண்ணுக்குள் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடுகிறது. தாயும் தகப்பனும் இருட்டிய பிறகே வந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. ஏறக்குறைய அறுபது நாளில் அது பெற்றோரைவிடக் கனமான கொழுப்புருண்டையாகிவிடும். அதன் பின் பெற்றோர் வருகை நின்றுபோகும். குஞ்சு சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தபடி சில நாட்கள் வளையில் தனியே கிடந்து, ஓர் இரவு வெளியே வந்து, வழிகாட்ட யாரும் இல்லாமல் தென் அமெரிக்கக் கடலை நோக்கிப் பறந்துவிடுகிறது. கையிருப்பை மட்டும் நம்பிச் செய்யும் பயணம் இது. அந்தப் பருவத்தில் முன்னதாகக் கிளம்பிய குஞ்சுகளே பின்னாட்களில் அதிகமாகக் கண்ணில் பட்டன என்பதை பறவை ஆய்வாளர் கிறிஸ்டோபர் பெரின்ஸ் 1966-ல், குஞ்சுகளின் காலில் மாட்டிய வளையங்களின் எண்களைக் கொண்டு காட்டினார். கனத்த குஞ்சுகளுக்கும் அதே அனுகூலம் இருந்தது பிறகு தெரியவந்தது.

ஜெர்மனியில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தை ஒட்டிய ஏரியில் ஓர் ஆலாக் குடியிருப்பு உண்டு. 1992 முதல் அங்கே சிறகு முளைத்த ஒவ்வொரு குஞ்சின் தோலுக்கடியிலும் அரிசிமணி போன்ற ஒரு மின்னணுக் குறியைப் பொருத்துகிறார்கள். ஆலா வந்து உட்காரும் மேடைகளில் அந்தக் குறியைப் படிக்கும் கருவி இருக்கிறது. சில மேடைகளில் தராசும் இருக்கிறது. நாம் ரேஷன் கடையில் கைரேகை வைப்பது போல, பறவை வந்து நின்றதுமே யார், எத்தனை கிராம் என்று பதிவாகிவிடும். பிடிக்கவோ துரத்தவோ தேவையில்லை. கூட்டைவிட்டுக் கிளம்பும்போது எடை குறைவாக இருந்த ஆலாக்களில், ஆப்பிரிக்கக் கரைகளில் காலம் கழித்து இரண்டு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தவை குறைவு என்பதை அந்த மேடைகள் காட்டின.

இனி உங்கள் அப்பத்தாவின் கதைக்கு வருகிறேன். அவருடைய 89 ஆண்டுகளை நான் மறுக்கவில்லை. அதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதுதான் கேள்வி. ஊர் வந்து சேர்ந்த பிள்ளையைத்தான் உங்கள் வீடு பார்த்தது. அதே வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்த பிள்ளைகள் எந்த வளவிலும் வற்றல் பிழியவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லப் பேரப்பிள்ளைகளும் இல்லை. வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் பட்டினி உடம்பை உரமேற்றியது போலத்தான் தோன்றும். உண்மையில் பட்டினி செய்தது சல்லடையின் வேலையாகவும் இருக்கலாம்: உரம் குறைந்தவர்களை வழியிலேயே கழித்துவிட்டு, முன்பே உரமாக இருந்தவர்களை நம்மிடம் ஒப்படைத்தது. கடற்பறவை ஆய்வாளர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. வளர்ந்த பறவைகளை மட்டும் பார்த்து அவற்றின் குஞ்சுப் பருவத்தைப் பற்றிப் பேசக்கூடாது. கூட்டிலேயே எண் போட்டு, செத்ததையும் காணாமல் போனதையும் சேர்த்துக் கணக்கு வைத்தால்தான் பேசலாம்.

அப்படிக் கணக்கு வைத்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மெக்சிகோவின் இசபெல் தீவு. அங்கே நீலக்கால் பூபி என்னும் கடற்பறவை பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குகிறது. அதனால் மூத்தது சில நாள் முன்னதாகப் பொரித்துவிடுகிறது. இளையது கண் திறந்து பார்ப்பதே அண்ணனின் அலகைத்தான். மூத்தது அதன் தலையிலும் பிடரியிலும் கொத்தும். இளையது முகத்தைத் திருப்பி, அலகைத் தரையோடு தாழ்த்தி, பணிந்தேன் என்று காட்டும் வரை கொத்து நிற்காது. சில நாட்களில் மூத்தது நிமிர்ந்து பார்த்தாலே இளையது குனிந்துகொள்கிறது. தாய் கொண்டுவரும் மீனில் மூத்ததற்குப் போக மீந்ததே அதற்கு. மீன் அரிதான ஆண்டுகளில் இளையது சாகும். மீன் கிடைக்கும் ஆண்டுகளில் அடிபட்டு, பசித்து, நெருக்கடியில் உடல் சுரக்கும் அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் ஏறிய நிலையிலேயே வளர்ந்து சிறகு விரிக்கும்.

இப்படி வளர்ந்த இளையவை பிற்காலத்தில் முன்னதாகச் சாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நானும் அதையே எழுதியிருந்தேன். அந்தத் தீவில் ஆய்வு செய்த ஹியூ டிரம்மண்டும் உடனிருந்தவர்களும் இருபது ஆண்டுகளில் பிறந்த ஏறக்குறைய எட்டாயிரம் பூபிகளைத் தொடர்ந்து, 2011-ல் தந்த விடை வேறு: சிறகு விரித்த பிறகு, எந்த வயதிலும், இளையவை மூத்தவற்றைவிட அதிகமாகச் சாகவில்லை. சல்லடைதான் காரணமா என்றும் அவர்கள் பார்த்தார்கள். கூட்டிலேயே இறந்த இளையவற்றைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது என்றே தெரிந்தது. எல் நீன்யோவால் கடல் சூடேறி மீன் குறைந்த ஆண்டுகளில் பொரித்த பூபிகளிலும் பின்னர் ஆயுள் குறைவு காணப்படவில்லை. அவை மற்றவற்றைவிட இள வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கின என்பதுதான் வேறுபாடு. ஆக, அந்தத் தீவைப் பொறுத்தவரை என் வரியும் பொய், உங்கள் வீட்டு வழக்கும் பொய்: பட்டினி கிடந்த பூபி தேய்ந்தும் போகவில்லை, உரமேறவும் இல்லை.

பிறகு ஏன் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்று கேட்பீர்கள். அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையை எடுத்துக்கொள்வோம்; வளர்ந்த நூறில் ஆண்டுக்கு ஐந்து இறக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இன்னும் இருபது ஆண்டு வாழ்வு உண்டு என்று கணக்கு வரும். ஐந்துக்குப் பதில் பத்து இறந்தால் அது பத்து ஆண்டாகச் சுருங்கிவிடும். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து என்ற இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான பறவைகளும் பல பத்தாண்டுகளும் வேண்டும். பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-ல் வளையம் மாட்டப்பட்ட 'விஸ்டம்' என்ற லேசன் அல்பட்ராஸ் 2024-லும் முட்டையிட்டது. வளையம் மாட்டியவர் காலமான பின்னும் பறவை வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சிக்கல், இளம் பறவை ஆண்டுக்கணக்கில் கரைக்கே வராது. வராத பறவை செத்ததா, வேறு தீவில் குடியேறியதா, வந்தும் நம் கண்ணுக்குத் தப்பியதா? உயிரோடிருக்கும் வாய்ப்பையும் கண்ணில் படும் வாய்ப்பையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிடும் முறையை கார்மாக், ஜாலி, சீபர் ஆகிய மூவர் 1964, 1965 ஆண்டுகளில் வகுத்தார்கள். இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

குஞ்சுப் பருவத்துச் சுகம் ஆயுள் முழுவதும் கூட வருவதை உயிரியலார் 'வெள்ளிக்கரண்டி விளைவு' என்கிறார்கள். பிள்ளைக்குப் பால் புகட்ட வெள்ளிச் சங்கு வைத்திருக்கும் நம் பக்கத்தில் கரண்டியை எதற்குக் கடன் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. அது போகட்டும். பெயர் எதுவானாலும், அந்த விளைவு மரண எண்ணிக்கையில் தெரியாமல் உடலுக்குள் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் மே தீவில் ஷாக் என்னும் நீர்க்காகக் குஞ்சுகளைச் சோதனைக்காகச் சிறிது அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, அவற்றின் குரோமோசோம் முனைகளில் உறைபோல் இருந்து வயதாக ஆகத் தேயும் டெலோமியர்கள் மற்றக் குஞ்சுகளுடையதைவிடக் குறுகியிருந்தன என்று 2014-ல் வெளியிட்டார்கள். டெலோமியர் குறுகியதும் ஆயுள் குறைந்ததும் ஒன்றல்ல. இதை மட்டும் கண்டுவிட்டு என் பழைய வரியைத் திரும்ப எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. இணையத்தில் அந்தக் கட்டுரையைத் திருத்திவிட்டேன்.

உங்கள் படம். பறவை ஆலாதான். இடது காலில் இருப்பது உலோக வளையம். வெயில் பட்டு மின்னியதால் எழுத்து தெரியவில்லை. நம் நாட்டு வளையங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், கூடவே ஓர் எண்ணும் இருக்கும். அதே பறவையை நீங்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மங்கலானது என்று ஒதுக்கியவற்றையும் அழிக்காமல் அனுப்புங்கள்; காலின் வெவ்வேறு பக்கம் தெரியும் நான்கைந்து படங்கள் இருந்தால் எண்ணைச் சேர்த்துப் படித்துவிடலாம். தேதியும், தொண்டியில் எந்த இடம் என்பதும் வேண்டும். எண் கிடைத்ததும் சங்கத்துக்கு நீங்களே எழுதுங்கள், பார்த்தவர் நீங்கள்தானே.