திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போக வேண்டும்: எதையும் உடைக்காமல் டிராக் ரேஸ் ஓட்டுவது எப்படி?

கேள்வி: "என் கார் அன்றாடம் ஓட்டும் கார். ஏர் ஃபில்டரைத் தவிர எதையும் மாற்றவில்லை. டிராக் ஸ்ட்ரிப்பில் ஓட்டிப் பார்க்க ஆசை. ஆனால் ஏதாவது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?"

பயப்படுவது நியாயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டிராக் (drag) ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் பந்தயம். அதில் கால் மைல், அதாவது 402 மீட்டர், முழு வேகத்தில் ஓடுவதால் நல்ல நிலையில் இருக்கும் கார் உடைந்துவிடாது. பதினைந்து, பதினாறு வினாடி உழைப்பு இன்ஜினுக்குப் பெரிய சுமையே இல்லை. உடைவதெல்லாம் பெரும்பாலும் முதல் அரை வினாடியில்தான். அதுவும் சக்தியால் அல்ல, அதிர்ச்சியால்.

பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கு இது புரியும். கயிறு தொய்ந்து கிடக்கும்போது முன்னால் உள்ள வண்டி விருட்டென்று கிளம்பினால் கயிறு அறுந்துவிடும். அதையே முதலில் விறைப்பாக்கிக்கொண்டு பிறகு இழுத்தால், மேட்டிலும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். இன்ஜினுக்கும் டயருக்கும் நடுவே அப்படிப்பட்ட தொய்வு பல இடங்களில் இருக்கிறது. கியர் பற்களுக்கு இடையே ஓர் இம்மி, சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் ஓர் இம்மி, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் ஜாயிண்டில் கொஞ்சம், இன்ஜின் மவுண்டின் ரப்பரில் கொஞ்சம். கிளட்சைப் பட்டென்று விட்டால் இத்தனை தொய்வும் ஒரே நொடியில் தீர்ந்து, இரும்பின்மேல் இரும்பு சம்மட்டி போல் மோதுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 3.5, டிஃபரன்ஷியலின் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது 2,800 நியூட்டன் மீட்டர், பக்கத்துக்கு 1,400. இது சீராக ஏறினால் ஆக்சில் தாங்கும், அதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) சுழலும் ஃபிளைவீலில், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்தில், தேங்கியிருக்கும் ஆற்றலும் சேர்ந்து ஒரே கணத்தில் இறங்கினால், ஆக்சில் தாங்க வேண்டிய சுமை இந்த எண்ணை வெகுவாகத் தாண்டிவிடும்.

என் கையாலேயே ஓர் ஆக்சிலை உடைத்திருக்கிறேன். முன்சக்கர இயக்கக் கார், கம்பெனியிலிருந்து வந்த இன்ஜின். பிடிமானம் அதிகமுள்ள பந்தய டயர்களை முன்னால் மாட்டிக்கொண்டு, 4,500 ஆர்பிஎம்மில் கிளட்சை அப்படியே விட்டேன். முதல் ஓட்டத்தில் கார் குதிரை போலத் துள்ளித் துள்ளிக் கிளம்பியது. திரும்பி வரும் பாதையில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபோது இடதுபக்கச் சக்கரத்திலிருந்து 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான், ஜன்னல் திறந்திருந்ததால் கேட்டது. கல் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். இரண்டாவது ஓட்டத்தில் இன்ஜின் அலறியது, கார் நகரவே இல்லை. ஆட்கள் தள்ளித்தான் ஓரமாகக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் இருந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது இப்போது உடையவில்லை. போன ஓட்டத்திலேயே உடைந்துவிட்டது. காரும் உங்களிடம் சொல்லியிருக்குமே?" என்றார். சொல்லியிருந்தது.

அதன்பிறகுதான் டயரைப் பற்றிய என் எண்ணம் மாறியது. மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை உங்கள் காரில் சாதாரண டயர் செய்கிறது. சுமை மிஞ்சும்போது அது வழுக்கி, ஆக்சிலைக் காப்பாற்றுகிறது. பிடிமானமுள்ள டயரை மாட்டினால் அந்த ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைச் சொருகியதாகத்தான் அர்த்தம். வழுக்க வழியில்லாத சுமை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும்: கிளட்ச், ஆக்சில் அல்லது டிஃபரன்ஷியல். ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, முதல் சில நாட்கள் சாலை டயரிலேயே ஓட்டுங்கள் என்பதுதான். இயக்கும் சக்கரங்களில் மட்டும் காற்றை நான்கைந்து பிஎஸ்ஐ குறைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். கால் மைல் முடியும்போது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பீர்கள். அந்த வேகத்தில் தளர்ந்த டயர் ஆபத்து. வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் மீண்டும் நிரப்புங்கள்.

இனி, கிளம்பும் முறை. புதிதாக வருபவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உங்கள் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சை விளக்கு எரியும்போது ஓடத் தொடங்குவதில்லை. உங்கள் முன்டயர் தொடக்கக்கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. விளக்குக்கும் உங்கள் புறப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம், ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச்சீட்டில் தனியாக அச்சாகி வரும். எதிரே ஓடுபவரை வெல்வதற்கு அது முக்கியம். உங்கள் காரின் நேரத்தை அறிய மட்டுமே வந்திருந்தால், பச்சை எரிந்து ஒரு வினாடி கழித்துக் கிளம்பினாலும் குறைந்துபோவது ஒன்றுமில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, இங்கே அது அப்படியே பொருந்தும். இதை மனதில் பதியவைத்துக்கொண்டால் கிளட்சைப் பட்டென்று விடும் ஆசையே போய்விடும்.

மேனுவல் கியர் என்றால் இப்படிச் செய்யுங்கள். தொடக்கக்கோட்டு விளக்குக் கம்பத்தின் உச்சியில், கார் கோட்டை நெருங்கும்போது ஒன்றும் கோட்டுக்கு வந்ததும் இன்னொன்றுமாகச் சிறுவிளக்குகள் எரியும். அந்த இரண்டாவது சிறுவிளக்கு எரியும்வரை ஊர்ந்து போய் நில்லுங்கள். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும். அந்த நேரத்தில் கிளட்சைக் கவ்வும் இடம்வரை கொண்டுவாருங்கள். காரின் மூக்கு இலேசாக அசைவது தெரியும். தொய்வு தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதிலேயே நெடுநேரம் நிற்காதீர்கள், கிளட்ச் கருகும். 2,000 அல்லது 2,500 ஆர்பிஎம்மில் தொடங்கி, கிளட்சை ஒரு வினாடிபோல வழுக்கவிட்டு முழுவதும் விடுங்கள். விட்ட பிறகுதான் ஆக்ஸிலரேட்டர் தரைவரை போக வேண்டும். அடுத்த ஓட்டத்தில் 300 ஆர்பிஎம் கூட்டிப் பாருங்கள். நேரச்சீட்டில் முதல் 60 அடிக்கான நேரம் தனியாக இருக்கும். எல்லாவற்றையும்விட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மிச்சமாகும் 0.1 வினாடி கால் மைல் முடிவில் அதைவிடக் கூடுதலாகவே மிச்சமாகும். ஆர்பிஎம் கூட்டியும் 60 அடி நேரம் குறையவில்லையா? டயர் சுழல்கிறது. ஒரு படி இறங்கிவிடுங்கள்.

கார் துள்ளினால், அதாவது டயர் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து என்று உதறினால், உடனே காலை எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும். ஒவ்வொரு துள்ளலும் ஆக்சிலுக்கு ஒரு சம்மட்டி அடி. ஒரு வினாடிக்குள் பல அடிகள் விழுந்துவிடும். பழைய கார்களில் சஸ்பென்ஷன் புஷ்களும் இன்ஜின் மவுண்டும் நைந்திருந்தால் துள்ளல் இன்னும் மோசமாக இருக்கும். பணம் செலவழிக்க வேண்டும் என்றால், சக்தியைக் கூட்டும் எதையும்விட முதலில் இவற்றுக்குச் செலவழியுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். இடது காலால் பிரேக்கை அழுத்தி, இன்ஜினை 1,500 ஆர்பிஎம்வரை ஏற்றினாலே தொய்வு தீர்ந்துவிடும். இரண்டு, மூன்று வினாடிக்கு மேல் அப்படி நிறுத்த வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் மளமளவென்று சூடேறும். நியூட்ரலில் முறுக்கிவிட்டு டிரைவில் தட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கியர் மாற்றும்போது கிளட்சை முழுவதும் மிதியுங்கள், ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். அதில் சில பத்திலொரு வினாடிகள் போகும். போகட்டும், கியர்பாக்ஸ் பிழைக்கும். உண்மையில் நடுங்க வேண்டியது மூன்றிலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதிலாக இரண்டில் விழுந்துவிடுவதற்கு. மூன்றாவது கியரில் 6,500 ஆர்பிஎம்மில் இருக்கிறீர்கள், மூன்றின் விகிதம் 1.3, இரண்டின் விகிதம் 1.9 என்றால், கிளட்சை விட்டவுடன் சக்கரங்கள் இன்ஜினை 9,500-க்கு இழுத்துச் சுழற்றும். ஆர்பிஎம் கட்டுப்பாடு எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்தும். சக்கரம் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். கியர் குச்சியை இறுகப் பற்றிப் பக்கவாட்டில் இழுப்பதால்தான் இது நடக்கிறது. உள்ளங்கையால் நேர்கோட்டில் இழுத்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே குச்சியை மூன்று-நான்கு வரிசையில் வைத்திருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பந்தய டயர்களை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றுவதற்காகத் தொடக்கக்கோட்டுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்ப் பள்ளத்தில் சாலை டயருடன் இறங்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். டயரின் பள்ளங்கள் தண்ணீரைத் தொடக்கக்கோடுவரை சுமந்து வந்து, உங்களையும் பின்னால் வருபவரையும் வழுக்கவைக்கும். ஏசியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், அதுவும் சொட்டும். வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். டேங்கில் கால் பங்காவது பெட்ரோல் இருக்கட்டும். அடிமட்டத்தில் இருந்தால் கிளம்பும்போது பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும். விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். கோட்டைத் தாண்டியதும் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் காரைத் தானாக வேகம் தணியவிடுங்கள். ஓட்டங்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டர்போ இருந்தால் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இவற்றையெல்லாம் முடிந்தவரை எல்லாத் தடவையும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

இதையெல்லாம் மூடிய பந்தயப் பாதையில் மட்டுமே செய்ய வேண்டும். இந்தப் பதில் பொதுச்சாலையில் பரிசோதிப்பவர்களுக்கானது அல்ல.

கடைசியாக, ஆக்சிலை மாற்றியபோது அந்த மூத்தவர் கற்றுக்கொடுத்தது. புதிய தண்டின் நீளம் முழுக்க வெள்ளைப் பெயிண்டால் ஒரு நேர்கோடு இழுத்துவைத்தேன். தண்டு முறுக்கிக்கொள்ளத் தொடங்கினால், உடைவதற்கு முன்பே அந்தக் கோடு கயிறு திரித்ததுபோலச் சுருளும். ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் முதலில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு வட்டம் அடிப்பேன். பிறகு டார்ச்சுடன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.