யதார்த்த நாடகம் பெண்ணைக் காட்சிப் பொருளாக்குமா?

சேலத்தில் கல்லூரி விழாவுக்காக நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' ஒத்திகை பார்க்கிறீர்கள். பெண்ணுக்காகப் பேசும் நாடகமே அவளை எப்படிக் காட்சிப் பொருளாக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்கும், கவனமாக இல்லாவிட்டால்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் நம்மைப் பார்த்தே பேசுவான். எல்லாம் வேடம் என்பது ஊருக்கே தெரியும். யதார்த்த மேடை அதை மறைத்து, வீட்டின் ஒரு சுவரை எடுத்துவிட்டு நம்மை இருட்டில் உட்கார வைக்கிறது. உள்ளே இருப்பவளுக்கு நாம் பார்ப்பது தெரியாது. நாம் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிக்கல் அங்கேதான்.

இரண்டாம் அங்கத்து நடன ஒத்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ரகசியக் கடனைச் சொல்லும் கடிதம் தபால்பெட்டியில் கிடக்கிறது; அது கணவன் ஹெல்மர் கைக்குப் போகக் கூடாதென்று நாயகி நோரா வெறிகொண்டு ஆடுகிறாள். குடும்ப நண்பர் டாக்டர் ராங்க் பியானோ வாசிக்க, ஹெல்மர் அடுப்பருகே நின்று திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் முடி அவிழ்ந்து தோளில் விழுகிறது. அந்த நேரம் கூந்தலுக்கும் இடுப்புக்கும் ஸ்பாட் லைட் போட்டால் தீர்ந்தது: ஹெல்மரின் கண்ணால்தான் அரங்கம் முழுக்க அவளைப் பார்க்கும். விசில் வாங்கும் ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம்.

மூல நாடகத்தின் முடிவில் நோரா கணவனை விட்டு வெளியேறுகிறாள். 1880-இல் ஜெர்மானிய மேடைக்காக நோரா வீட்டைவிட்டுப் போகாத முடிவு ஒன்றை இப்சனே மனமில்லாமல் எழுதிக் கொடுத்தார். உங்கள் நாடகத்தில் அவள் போகட்டும், சரி. அதற்கு முன்பே, பார்க்கும் அந்த இரண்டு ஆண்கள் மேலும் வெளிச்சம் விழட்டும். தபால்பெட்டி இருக்கும் கூடத்துக் கதவுப் பக்கம் அவள் கண் ஓடுவது கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.