அந்தப் பெண் ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறார்?

கேள்வி: வெளிநாட்டு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கோவை நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 60 பேரில் பாதிப்பேருக்கு வீட்டிலிருந்துதான் வேலை. அதை ஒழுங்குபடுத்த வருகைப் பதிவு ஆப், 41 கேள்விகள் கொண்ட படிவம், காலை 9 மணிக்கு கேமரா போட்டு மீட்டிங் என்று ஆறு மாதம் பாடுபட்டு ஒரு முறையை உருவாக்கினேன். எனக்கு வீட்டில் தனி அறை இருப்பதால் சிரமமில்லை. மற்றவர்கள் ஒத்துழைப்பதில்லை. ஒரு பெண் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு கேமராவே போடுவதில்லை. இவர்களை எப்படி மாற்றத்துக்குப் பழக்குவது?

பதில்: அந்தப் பெண் ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டீர்களா?

நான்கு பக்கக் கடிதத்தில் ஆப்புக்கு ஒன்றரைப் பக்கம். அவருக்கு ஒரே வரி, அதுவும் புகார். மடியில் லேப்டாப், காலடியில் சார்ஜர் ஒயர். ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போகிறவர்களுக்கு எழுந்து வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்து உங்கள் கணக்கை முடித்துத் தருகிறார். கேமரா போட்டால் பின்னால் தெரிவது கொடியில் காயும் வீட்டுத் துணி. போடுவாரா?

படிவத்தையும் இணைத்திருந்தீர்கள், படித்தேன். இன்டர்நெட் வேகம் கேட்கிறீர்கள், பாஸ்வேர்டு மாற்றிய தேதி கேட்கிறீர்கள். ‘எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள்?’ என்று 41-ல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. தனி அறையில் இருப்பவருக்கு அது தோன்றாது.

சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் தன் கால் சென்டர் ஊழியர்களை வைத்து வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைச் சோதித்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. உங்கள் முதலாளிக்கு இந்த 13 பிடிக்கும். ஆனால், வீட்டில் தனி அறை இருந்தால்தான் அந்தச் சோதனையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அப்படி அறை இருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், முடிந்ததும் ஆபீசுக்கே திரும்பிவிட்டார்கள். முக்கியமாகச் சொன்ன காரணம் தனிமை.

அறை, தனிமை இரண்டையும் நீங்கள் யோசிக்கவில்லை. முப்பது பேருக்கான இடமும் கரண்ட் பில்லும் கம்பெனிக்கு மிச்சமாகிறதே, அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மேசை நாற்காலி வாங்கிக் கொடுங்கள். போட இடமில்லாத வீடென்றால் ஆபீசில் அவர் இருக்கையைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் இருக்கை பிடித்துக் கொடுங்கள். ஒன்பது மணி மீட்டிங்கை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு மூச்சுவாங்க ஓடிவரும் நேரம் அது. சாயங்காலம் வேலை முடிக்கும்போது எது முடிந்தது, எது யாரிடம் நிற்கிறது என்று மூன்று வரி எழுதிவைக்கச் சொன்னால் போதும். அதையும் முதலில் ஐந்து பேரிடம் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அந்த ஐவரில் அவரும் இருக்கட்டும். வேண்டாததை அவர்களே அடித்துத் தரட்டும்.

அவர் வீட்டாரையும் நான் விடமாட்டேன். சம்பாதித்துக் கொண்டுவரும் பெண்ணுக்கு ஒரு மூலையை ஒழித்துத் தராத வீடு தன் கடமையைச் செய்யவில்லை. ஆனால் அவர்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை, நீங்கள் எழுதினீர்கள். ஊழியரின் குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று கடிதம் முழுக்க நினைத்திருக்கிறீர்கள். ஐயா, அவர்கள் வீட்டை ஆபீசாக்கிக்கொண்டது நீங்கள். அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

நாளைக்கு உங்கள் அறையைப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு முழுநாள் வேலை பாருங்கள். இடுப்பு வலியோடு எழுந்த பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். கேமராவைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.