பேத்தியோடு பாட்டியும் படிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பேத்தியைக் கோடை வாசிப்புத் திட்டத்தில் சேர்க்க நூலகத்துக்குப் போனால், என்னையும் சேரச் சொல்கிறார்கள். இந்த வயதில் எனக்கு இதனால் என்ன பயன்? – ஒரு வாசகி

பதில்: தயங்காமல் சேருங்கள். கோடை விடுமுறையில் படித்த புத்தகங்களையோ படித்த நேரத்தையோ கணக்கெழுதிக் காட்டினால், நூலகம் சிறு பரிசு கொடுத்து ஊக்குவிக்கும் திட்டம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிச் சிறுவர்களுக்காக அங்கே தொடங்கிய இந்தத் திட்டத்தில், இன்று கைக்குழந்தை முதல் முதியோர் வரை எல்லோருக்கும் பல நூலகங்கள் இடம் தருகின்றன. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது ஆசிரியர்களின் பழைய கவலை. அட்லாண்டா நகர மாணவர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வு, கோடையில் படித்த புத்தகங்களின் எண்ணிக்கைக்கும் கல்வி முன்னேற்றத்துக்கும் தொடர்பு இருப்பதையும், அதில் பொது நூலகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டியது.

உங்களைப் பொறுத்தவரை, ஊர் பழகாத ஒருவருக்கு வாரம் ஒருமுறை வெளியே போகவும் நாலு பேரோடு பேசவும் செலவில்லாத இடம் கிடைப்பதே முதல் பயன். தமிழ்ப் புத்தகத்தையும் ஒலிநூலையும் கணக்கில் எழுதலாமா என்று நூலகரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தடை சொல்லமாட்டார்கள். பேத்திக்கு நீங்கள் வாசித்துக் காட்டும் நேரத்தை அவள் கணக்கில் சேர்க்கவும் பல இடங்களில் வழி உண்டு. பரிசுப் பொருள்கள் சிறியவைதாம். அவற்றுக்காகப் பக்கங்களை அவசரமாகப் புரட்ட மட்டும் பேத்தியை விடாதீர்கள்.