புக்கரெஸ்ட் விழுங்குமா?

கேள்வி: ருமேனியத் தலைவர்களும் மால்டோவாத் தலைவர்களும் சந்திக்கும்போதெல்லாம் ‘பாதுகாப்பு, சீர்திருத்தம்’ என்று ஒரே பல்லவி பாடுகிறார்கள். ரஷ்யாவிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ருமேனியா அந்தச் சின்ன நாட்டை விழுங்கப் பார்க்கிறது என்பதுதானே உண்மை? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வியில் கொஞ்சம் மாஸ்கோ வாடை அடிக்கிறது. இரு நாடுகளுக்கும் மொழி ஒன்றுதான். இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதி 1918 முதல் 1940 வரை ருமேனியாவில் இருந்தது, பிய்த்தெடுத்தவர் ஸ்டாலின். மீண்டும் இணைய வேண்டும் என்பவர்கள் இரு நாடுகளின் எல்லையான புருட் ஆற்றின் இரு கரையிலும் உண்டு. ஆனால் மால்டோவாவில் அவர்கள் சிறுபான்மையினர். தவிர, விழுங்குகிறவனுக்கு வயிற்றில் இடம் வேண்டாமா? நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டால், 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பெரிய பட்ஜெட் பற்றாக்குறை ருமேனியாவுடையது. 24 லட்சம் மக்களோடு, டிரான்ஸ்னிஸ்திரியா என்ற பிரிந்துபோன துண்டையும், அங்கே முகாமிட்டிருக்கும் சுமார் 1,500 ரஷ்யச் சிப்பாய்களையும் சீதனமாக வாங்கிக்கொள்ள ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் எந்த நிதியமைச்சர் துடிப்பார்?

மால்டோவா தன் அரசியல் சட்டத்திலேயே நடுநிலை நாடு என்று எழுதிக்கொண்ட நாடு. அதற்குப் ‘பாதுகாப்பு’ என்றால் முதலில் எரிவாயு, பிறகு மின்சாரம். சில ஆண்டுகள் முன்பு வரை எரிவாயு முழுக்க ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்திடமிருந்து வந்தது. மின்சாரத்தில் பெரும்பங்கு டிரான்ஸ்னிஸ்திரியாவின் குச்சுர்கான் மின்நிலையத்திலிருந்து வந்தது. அதை எரியவைத்ததும் ரஷ்ய எரிவாயுதான். இப்படி வாழ்ந்த நாட்டை மிரட்டப் பீரங்கி எதற்கு?

2014 ஆகஸ்ட் 27, மால்டோவாவின் சுதந்திர நாள். ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து எல்லையைத் தாண்டி உங்கெனி வரை 43 கிலோமீட்டர் எரிவாயுக் குழாயைத் தலைவர்கள் ஆரவாரமாகத் திறந்துவைத்தார்கள். உங்கெனி எல்லையோரச் சிற்றூர். தேவை முழுவதும் தலைநகர் சிசினாவில். குழாயோ அதற்கு நூறு கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டது. ரிப்பன் வெட்டியவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ருமேனிய அரசு நிறுவனமான டிரான்ஸ்காஸ் 2018இல் பொறுப்பேற்ற பிறகுதான் மீதிக் குழாய் தலைநகரை எட்டியது. விழுங்க வந்தவர்கள் இவ்வளவு ஆற அமரவா வேலை பார்ப்பார்கள்?

மின்சாரக் கதை இன்னும் வேடிக்கை. 2022 நவம்பரில் ரஷ்ய ஏவுகணைகள் உக்ரைனின் மின்கட்டமைப்பைக் குறிவைத்தன. அதோடு பிணைந்திருந்த மால்டோவாவில் பாதிக்கு மேல் இருண்டது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய எரிவாயு நின்றது. ரஷ்யாவை நம்பிய டிரான்ஸ்னிஸ்திரியாவில் வீடுகள் குளிரில் உறைந்தன. குச்சுர்கானிலிருந்து சிசினாவுக்கு வந்த மின்சாரமும் நின்றது. சிசினாவ் விளக்குகளை அணையாமல் காத்ததில் பெரும்பங்கு ருமேனிய மின்சாரத்துக்கு. ஆனால் அந்த மின்சாரம் வரும் பெரிய உயரழுத்தக் கம்பியும் குச்சுர்கான் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது! தெற்கு மால்டோவாவின் வுல்கனெஷ்டியிலிருந்து நேரே சிசினாவுக்குத் தனிக் கம்பி இழுக்கும் திட்டத்தின் அவசியம் இதுதான். கூட்டறிக்கைகளைவிட அந்தக் கம்பியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சீர்திருத்த விஷயத்தில் உங்கள் சந்தேகத்தில் பாதியை ஏற்கிறேன். மால்டோவாவில் 2014இல் மூன்று வங்கிகளிலிருந்து சுமார் 100 கோடி டாலர் மாயமானது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதைத் தடுக்காத நீதித்துறையைத்தான் இப்போது சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். பாடம் சொல்ல வரும் ருமேனியா என்ன யோக்கியமா? 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகும் 2023 வரை அதன் நீதித்துறை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் தனிக் கண்காணிப்பில் இருந்தது. 2017இல் ஊழல் அதிகாரிகளைத் தப்பவிட அரசு இரவோடு இரவாக ஓர் அவசரச் சட்டம் போட்டது; லட்சக்கணக்கானோர் கடுங்குளிரில் தெருவில் நின்று அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். சிசினாவ் புக்கரெஸ்டிடம் கற்க வேண்டியது அமைச்சர்களிடம் இல்லை, அந்தக் கூட்டத்திடம்தான் இருக்கிறது.

மால்டோவா மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் நீங்கள் கேட்டிருக்கலாம். 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியப் பாதைக்கு ‘ஆம்’ என்றவர்கள் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டினார்கள். அதுவும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் ஓட்டுகளை எண்ணிய பிறகு. ருமேனியாவோடு சேர்வதா என்ற கேள்வி அந்த ஓட்டுச்சீட்டில் இல்லவே இல்லை.