அம்மாவுக்கு ஏற்ற மொபிலிட்டி ஸ்கூட்டர் எது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் கைத்தடியோடு நடந்துவிடுகிறார். வெளியே நூறு அடி நடப்பதற்குள் உட்கார இடம் தேடுகிறார். விரல் மூட்டுகளிலும் வலி உண்டு. தன் வேலைகளுக்குத் தானே போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்காக, அதிகம் நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்றை வாங்க நினைக்கிறோம். மூன்று சக்கர ஸ்கூட்டர்தான் வளைக்க எளிது என்கிறார் ஒரு விற்பனையாளர். நான்கு சக்கரம்தான் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். ஒரு முறை சார்ஜ் செய்தால் 30 கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம் செய்யப்படும் வண்டி தம்பிக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லாமல் வாங்கி வைத்து, பிறந்தநாளன்று கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். எதை வாங்குவது?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சொல்லாமல் வாங்காதீர்கள். கண்ணைச் சோதிக்காமல் யாரும் மூக்குக்கண்ணாடியைப் பரிசாக வாங்கித் தருவதில்லை. இந்த வண்டியும் அப்படித்தான். அம்மாவின் முழங்காலும் விரல்களும் அவர் போகப்போகும் வழியும்தான் வண்டியைத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே அவர் ஏறி உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, இறங்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

ஸ்கூட்டர் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து உட்காரவும், இரு கைகளாலும் கைப்பிடித் தண்டைத் திருப்பவும், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவும் முடிந்தவர்களுக்கே அது உதவும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்களுக்கும், நோய் ஆண்டுக்கு ஆண்டு முற்றி உடல் தளர்கிறவர்களுக்கும், ஒரே கையால் ஜாய்ஸ்டிக்கை அசைத்து ஓட்டுகிற மின் சக்கர நாற்காலி பல நேரங்களில் மேலானது. உங்கள் அம்மா நடக்கிறார், தானாக எழுந்து நிற்கிறார் என்பதால் ஸ்கூட்டர் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவரைப் பார்க்கும் இயன்முறை மருத்துவரிடம் பார்வையையும் சேர்த்து ஒரு முறை பேசிவிடுங்கள்.

இனி விரல்கள். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன இந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கைப்பிடிக்கு அடியில் ஒரு லீவர் இருக்கும். ஒரு பக்கத்தை அழுத்தினால் வண்டி முன்னால் போகும், மறுபக்கத்தை அழுத்தினால் பின்னால் வரும், விட்டுவிட்டால் மோட்டார் தணிந்து மின்காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதாவது, போய்க்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் இரண்டு நிமிடம் அழுத்தும்போது தெரியாத வலி, பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடியில் தெரியும். எனவே அம்மா பத்து நிமிடமாவது தொடர்ந்து ஓட்டிப் பார்க்கட்டும். கட்டைவிரலால் மட்டும் அழுத்த வேண்டிய வண்டியைவிட, வளையம் போன்ற கைப்பிடியோடு, மற்ற விரல்களாலும் உள்ளங்கையாலும் இழுக்கக்கூடிய லீவர் உள்ள வண்டி அவருக்கு இதமாக இருக்கும்.

அதே லீவரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பதறிப்போனால் மனிதக் கை இறுகத்தான் செய்யும். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிப் பழகியவர்கள், நிறுத்த நினைத்து லீவரை இறுக்கிப் பிடிப்பார்கள். வண்டியோ நிற்பதற்குப் பதிலாக வேகமெடுக்கும். ஆகவே ஆள் நடமாட்டமில்லாத திறந்த இடத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, மெதுவைக் குறிக்கும் ஆமைப் படம் இருக்கும் பக்கம் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு, நீங்கள் "நிறுத்து" என்று சொன்னதும் அம்மா கையை விடுவதை இருபது முப்பது முறையாவது பழக்குங்கள். விட்டால் நிற்கும் என்பது அவர் கைக்கே தெரிந்த பிறகு, வேகத்தைக் குறிக்கும் முயல் படத்தின் பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பலாம். நடைபாதையில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகமே தாராளம்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா? விற்பனையாளர்கள் இருவர் சொன்னதும் உண்மைதான். கேள்வி, அம்மா எங்கே ஓட்டப்போகிறார் என்பது. மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் திரும்பும், கடைக்குள்ளும் லிஃப்டுக்குள்ளும் எளிதாக நுழையும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் கால் நீட்டவும் பெரும்பாலும் இடம் அதிகம். மடங்க மறுக்கும் முழங்காலுக்கு இது சிறிய வசதி அல்ல. ஆனால் வேகமாக வளையும்போதும், பக்கவாட்டில் சரிந்த பாதையில் போகும்போதும், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போதும் அது கவிழ வாய்ப்பு அதிகம். அம்மாவுடைய ஆசை வெளியே போய்வருவது என்பதால் நான் நான்கு சக்கரத்தையே சொல்வேன். அதிலும் அவர் முழங்கால் கைப்பிடித் தண்டில் இடிக்காமல், பாதம் தளத்தில் முழுதாகப் பதியும்படி இருக்கையைப் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். இருக்கை பக்கவாட்டில் சுழல வேண்டும், சுழற்றிய நிலையில் அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், கைத்தாங்கியை மேலே மடக்க முடிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வண்டியில் இறங்குவதே முழங்காலுக்குத் தண்டனையாகிவிடும்.

கடைக்குப் போகும் முன்பு ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அம்மா வழக்கமாகப் போகும் வழியில் ஒரு முறை நடந்து வாருங்கள். வாசற்கதவின் அகலத்தைக் கதவுப் பலகையைத் திறந்து வைத்த நிலையில், நிலைக்கும் பலகைக்கும் இடையில் அளக்க வேண்டும். சுவரில் விட்ட திறப்பை அளந்தால் சில சென்டிமீட்டர் ஏமாந்துபோவீர்கள். லிஃப்டின் ஆழம், வாசற்படியின் உயரம், வண்டியை இரவில் நிறுத்தப்போகும் இடம், அங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படிக்குச் சாய்தளம் போடுவதானால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. சிறிய வண்டிகளின் அடிப்பகுதி தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் அளவே உயர்ந்திருக்கும். மேடுபள்ளமான பாதையில் அவை தட்டி நிற்கும்.

தம்பியைக் கவர்ந்த 30 கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். புது பேட்டரி, சமதளம், ஓரளவு எடை குறைந்த ஆள் என்ற நிலையில் கிடைக்கும் தூரத்தைத்தான் நிறுவனங்கள் போடுகின்றன. ஏற்றமும், அடிக்கடி நின்று கிளம்புவதும், பையின் பாரமும், பேட்டரியின் வயதும் அதைக் குறைத்துக்கொண்டே போகும். அம்மாவுக்கு ஒரு நாளில் வேண்டிய தூரத்தைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கும் வண்டி போதும். அதற்கு மேல் வாங்கினால் பேட்டரியின் எடையைத்தான் சுமப்பீர்கள். தாங்கும் எடை எவ்வளவு என்பதில் அம்மாவின் எடையோடு பையையும் சேர்த்துக் கணக்கிட்டு, இன்னும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். காரில் ஏற்றுவதற்காகக் கழற்றி மாட்டும் வண்டியைப் பார்ப்பதானால், மொத்த எடையைக் கேட்காமல், பாகங்களில் மிகக் கனமானது எத்தனை கிலோ என்று கேளுங்கள். அதை டிக்கிக்குள் தூக்கி வைக்கப்போகிறவர் கடையிலேயே ஒரு முறை தூக்கிப் பார்க்கட்டும்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் எட்டு மாதமாக நிற்கும் ஸ்கூட்டரைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அவை ஈய-அமில வகையாக இருந்து, சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்திருந்தால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு பெரும்பாலும் போயிருக்கும். முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லி, ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். நின்றிருக்கும்போது முழுதாகக் காட்டிய சார்ஜ் அளவி, ஏறும்போது சட்டென்று பாதிக்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதோடு புதியதை இணைத்தால் புதியதும் சீக்கிரம் கெடும். சார்ஜரும் அந்த பேட்டரி வகைக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

ஏற்றத்தின் நடுவில் கையை எடுத்துப் பாருங்கள். வண்டி பின்னால் உருளாமல் நிற்க வேண்டும். பிறகு சமதளத்துக்கு வந்து, யாரும் உட்காராத நிலையில், பின்புறம் இருக்கும் மோட்டார் விடுவிப்பு லீவரைச் சோதியுங்கள். வழியில் சார்ஜ் தீர்ந்தால் வண்டியைத் தள்ளுவதற்காக வைத்திருப்பது அது. அதை விடுவித்ததும் பிரேக்கின் பிடி போய்விடும் என்பதால், சரிவில் நிற்கும்போது ஒருபோதும் தொடக் கூடாது. வாங்கிய பிறகு, உதவிக்கு வருகிறவர்களுக்கும் இதை மறக்காமல் சொல்லி வையுங்கள்.